மாடியில் திறந்திருந்த கோப்பு

கனிமொழி இறந்து ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. அவளுடைய அறையில், அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவளுடைய கம்ப்யூட்டரில் இருந்த ஒரு வீடியோவைத் தங்கை மதுமதி மறுபடியும் அழித்துப் பார்த்தாள். அது மறுபடியும் போக மறுத்தது. திரையின் நடுவில் அதே சின்னக் கட்டம் வந்து நின்றது. இந்தக் கோப்பு வேறெங்கோ திறந்திருக்கிறது, மூடிவிட்டு முயற்சி செய்யவும் என்றது.

"போச்சா?" என்றார் அப்பா.

"இல்லப்பா."

மாணிக்கவாசகம் கதவில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தார். வெளியிலிருந்து யாராவது தள்ளினால் தன்னைத்தான் முதலில் தள்ள வேண்டும் என்பதுபோல. கதவுக்கு அந்தப் பக்கம் ஹாலில் ஐஸ் பெட்டியின் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. ஹாலில் இருந்த பிளக் அதன் இழுப்பைத் தாங்காது என்பதால், ஏ.சி.க்காக இந்த அறையில் போட்டிருந்த பெரிய பிளக்கிலிருந்து, கம்ப்யூட்டரும் மாட்டியிருந்த எக்ஸ்டென்ஷன் வழியாக, வயர் இழுத்திருந்தார்கள். கதவுக்கு அடியில் நுழைந்து போன அந்தக் கறுப்பு வயரின் மறுமுனையில், கண்ணாடிக்குக் கீழே, கனிமொழி படுத்திருந்தாள். முப்பத்தொரு வயது. டெங்கு. ஒரு வாரத்துக்கு முன்புவரை டெல்லி ஜனக்புரியில் ஒரு பாங்க் கவுன்டரில் உட்கார்ந்து மற்றவர்களின் காசோலைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவள்.

"ஒரு ஃபைலத் தூக்கிப் போட இவ்வளவு நேரமாட்டீ? எம்.எஸ்ஸி. படிச்சிருக்க."

"ஃபிசிக்ஸ்ப்பா."

"ஏதோ ஒண்ணு. ஜ்யோத்ஸ்னா கடைக்குப் போயிருக்கா. வந்ததும் மாலை போடுதுக்கு ஒரு போட்டோ எடுக்கணும், இந்தப் பொட்டியத்தான் தொறப்பா. அதுக்கு முன்னால அந்த எளவு இதுல இருக்கப்படாது."

ஜ்யோத்ஸ்னா பெரியப்பா ஏகாம்பரத்தின் மகள். பெரியப்பா கரோல் பாகிலிருந்து விடிந்ததும் விடியாததுமாக வந்து இறங்கி, வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். யாருக்குச் சொல்ல வேண்டும், எத்தனை மணிக்குத் தூக்க வேண்டும், குளிப்பாட்டுகிற தண்ணீருக்கு, நீர்மாலைக்கு, யார் குடம் எடுக்க வேண்டும், எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வந்தது. அப்பாவுக்கு அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

அந்த வீடியோவில் அப்படியொன்றும் இல்லை. போன மார்ச் மாதம், ஓர் அரசு அலுவலகத்தின் வராந்தா. கனிமொழியும் டோனியும் கழுத்தில் சாமந்தி மாலையோடு நிற்கிறார்கள். டோனியின் மூக்குக்கண்ணாடி மாலையில் சிக்கிக்கொள்கிறது. கனிமொழி அதை விடுவிக்கப் போய் மாலையையே பிய்த்துவிடுகிறாள். ஒரு பியூன் ஒதுங்கிப் போகச் சொல்கிறான். யாரோ ஒரு பெண் கேமராவுக்குப் பின்னால் அடக்க முடியாமல் சிரிக்கிறாள். இரண்டு நிமிடம்கூட இராது.

டோனி இதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருப்பவன். நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவன். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். நேற்று சாயங்காலம் ஐ.சி.யூ. வாசலில் ஒரு நர்ஸ் வந்து, பேஷன்ட்டின் கணவர் யார் என்று இந்தியில் கேட்டபோது டோனி எழுந்து நின்றான். அப்பாவும் எழுந்து நின்றார், உங்களுக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று நர்ஸிடம் சொல்வதற்காக. டோனி உட்காரவில்லை. அம்மா அப்போது கீழே மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தாள்.

அப்பா நம்பவில்லை. அத்தாட்சி என்ன என்று கேட்டார். பேப்பர் என்னிடம் இருக்கிறது, வீடியோ கனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று டோனி உள்ளதைச் சொன்னான். அதன்பிறகு அப்பா அவனிடம் எதுவும் கேட்கவில்லை. விடிகாலையில் ஆம்புலன்ஸ் வந்து நின்றதும்தான் மாடி ஏறிப் போனார். படிக்கட்டின் திருப்பத்தில் நின்றிருந்த மதுமதிக்கு அவர் குரல் கேட்டது. "தம்பி, ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன். எல்லாம் முடியிற வரைக்கும் கீழ வந்துராதீங்க."

டோனி வரவில்லை.

மதுமதி வேறொரு சாளரத்தைத் திறந்தாள். எந்தக் கோப்பை யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று காட்டும் இடம் அது. இந்த வீட்டில் யாரும் அங்கே போனதில்லை. ஒரே ஒரு வரி இருந்தது. வீடியோவின் பெயர், அதற்கு நேராக அதைத் திறந்திருக்கும் ஆளின் பெயர்.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாக்டவுன் சமயத்தில் வைஃபையை மாடியோடு பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னது அப்பாதான். தமிழ்ப் பையன், தனியாக இருக்கிறான், பில்லில் பாதியும் மிச்சம் என்றார். கனிமொழி தன் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரை அவனுக்கும் தெரியும்படி திறந்துவைத்தாள். முதலில் சினிமாப் படங்கள். அப்புறம் மற்றவை.

"என்னட்டீ பாக்க?"

"வேற ஒருத்தர் இதைத் திறந்து வச்சிருக்காங்க. அதான் அழிய மாட்டேங்குது."

"எவன் தொறந்து வச்சிருக்கான்? ரூமுக்குள்ள நம்ம ரெண்டு பேருதான இருக்கோம்."

மதுமதி தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். ஓடாத மின்விசிறி. அதற்கு மேலே ஒரு தளம். அந்தத் தளத்துக்கு மேலே ஒருத்தன் உட்கார்ந்து, இந்த நிமிடம், மாலை சிக்கிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவேளை முடிய முடியத் திரும்பவும் ஆரம்பத்திலிருந்து போட்டு.

அப்பா கதவை விட்டு வந்து திரையைப் பார்த்தார். பிறகு, "இது நம்ம வீட்டு கம்ப்யூட்டர்தானே" என்றார். "அவன் பாத்துக்கிட்டிருந்தா நாம ஒண்ணும் செய்ய முடியாதா?"

"முடியும். இந்த வரியில கை வச்சு மூடச் சொன்னா அவருக்குக் கட் ஆயிடும். அப்புறம் அழிஞ்சிடும்."

"அப்ப மூடு."

"மாட்டேன்."

யாரிடமும் அவள் அப்படிச் சொன்னதில்லை. பசிக்கிறதா என்று கேட்டால்கூட ‘பரவாயில்லை’ என்று சொல்கிற பெண். காலேஜில் வைவாவுக்குப் போனால் விடை தெரிந்தும் நாக்கு எழாது. உறவுக்காரர்கள் வந்தால் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் கட்டிலின் விளிம்பில், கனிமொழியின் மடித்து வைத்த போர்வைமேல் படாமல், உட்கார்ந்தார்.

"உங்க அம்மாவ நெனச்சுப் பாரு. வளத்த பிள்ளைய ஐஸு பெட்டியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா. அவகிட்ட போயி, ஒம் மக ஒனக்குத் தெரியாம ஒரு வேதக்காரப் பையன கட்டிக்கிட்டான்னு சொல்லச் சொல்லுதியா? இன்னைக்கா? அவ தாங்குவாளா? போனவ போயிட்டா. அவளுக்கு இனி நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. இருக்கவளுக்கு நாளைக்கு ஒருத்தன் வரணும்லா."

"எனக்காகன்னா வேண்டாம்ப்பா."

"ஒனக்கு என்ன தெரியும்?"

"அக்காவும் இதைத்தான் சொன்னா. உனக்கு வேலை கிடைக்கட்டும், அப்புறம் வீட்ல சொல்றேன், இல்லேன்னா எல்லாம் உன் தலையில விடியும்னு. எனக்காகத்தான் சொல்லாம இருந்தா. இப்ப நீங்களும் எனக்காகன்னு சொல்றீங்க."

அப்பா நிமிர்ந்தார். "ஒனக்கு முன்னாலயே தெரியுமா?"

"வீடியோ எடுத்ததே நான்தான்."

ஹாலில் யாரோ புதிதாக வந்திருக்க வேண்டும். அழுகை ஒருதரம் உயர்ந்து, பிறகு தணிந்தது. டம்ளர்களில் டீ ஊற்றும் சத்தம். வீட்டில் அடுப்பு மூட்டாததால் பக்கத்து வீட்டு குப்தா ஆன்ட்டி பெரிய ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவந்திருந்தாள்.

அப்பா எழுந்தார். அவளைத் தாண்டிப் போய், மேஜைக்குக் கீழே குனிந்து, கைக்கு வந்த பிளக்கைப் பிடித்து இழுத்தார்.

திரை கறுத்தது. கூடவே ஹாலில் ஓடிக்கொண்டிருந்த உறுமலும் நின்றது.

காலையிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகியிருந்த சத்தம் அது. அது இல்லாமல் போனதும் வீடு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. டீ ஊற்றும் சத்தமும் நின்றது. அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. "மெஷின் நின்னுட்டு. ஏங்க, பிள்ளைக்கு மெஷின் நின்னுட்டு." காய்ச்சல்காரப் பிள்ளைக்கு மின்விசிறி நின்றால் சொல்கிற குரல்.

அப்பா மண்டியிட்டு, பிளக்கைத் திரும்பச் செருகப் பார்த்தார். துளை அகப்படவில்லை. மதுமதி அவர் கையிலிருந்து அதை வாங்கிச் செருகினாள். மோட்டார் ஒருமுறை விம்மிவிட்டு ஓடத் தொடங்கியது. இரண்டு பேரும் மேஜைக்கு அடியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"பாஸ்வேர்ட் என்ன?" என்றார் அப்பா, தரையைப் பார்த்து.

அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை.

வெளியே பெரியப்பா கூப்பிட்டார். "ஏ மாணிக்கம், உள்ள என்னப்பா செய்யுத? ஆளுங்க வந்திருக்காவ, வந்து நில்லு." அப்பா முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து வெளியே போனார். மதுமதி, மாடியிலிருந்து நாற்காலி எடுத்துவருகிறேன் என்று யாரிடமென்று இல்லாமல் சொல்லிவிட்டு, படியேறினாள்.

டோனியின் கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. அவன் தரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பேன்ட், சீவிய தலை. போக முடியாத இடத்துக்குப் புறப்பட்டுத் தயாராக இருந்தான். எதிரே ஸ்டூலின்மேல் லேப்டாப். திரையில் படம் உறைந்து நின்றது. கனிமொழியின் பாதி முகம், ஒரு கை, பிய்ந்த மாலையின் நார்.

"நின்னு போச்சு மது" என்றான். "அழிச்சாச்சா?"

"இல்ல. அப்பா கரன்ட்டைப் பிடுங்கிட்டாரு. ஃபைல் இருக்கு."

"நான் பாத்துக்கிட்டு இருந்ததாலயா அழியாம இருந்துச்சு?"

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மூடியிருப்பேனே. அங்கிளுக்குச் சங்கடம்."

"நீங்க ஏன் மூடணும்?"

அவள் குரல் அந்தக் காலி அறையில் தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டது. அவன் திடுக்கிட்டுப் பார்த்தான். இந்த ஐந்தாறு வருடத்தில் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ‘குட் மார்னிங் சார்’ என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓடுகிற பெண்.

"அஞ்சு நாளும் ராத்திரி அவ பக்கத்துல இருந்தது யாரு? நீங்க. டியூட்டி முடிஞ்சு வந்து, அவளுக்கு வாயத் தொடச்சு விட்டு, திரும்ப டியூட்டிக்குப் போனது நீங்க. ரத்தம் குடுக்க ஆளு பிடிச்சது நீங்க. இப்ப கீழ அவ காலைத் தொட எல்லாருக்கும் வழி இருக்கு, கேஸ் சிலிண்டர் போடுற பையாகூட வந்து தொட்டுட்டுப் போறான். நீங்க இங்க உக்காந்து படம் பாக்குறீங்க."

"வாக்குக் குடுத்துட்டேன் மது. வயசான மனுசன், கையெடுத்துக் கும்பிடுறாரு. நான் என்ன செய்ய?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். நீங்கதானே வாக்குக் குடுத்தீங்க. நான் குடுக்கலியே."

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

அவள் சுவரோரம் அடுக்கியிருந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டாள். வாசலில் நின்று, "கதவைப் பூட்டிடாதீங்க அத்தான்" என்றாள்.

அந்த முறையில் அவனை அவள் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை. கனிமொழி எத்தனையோ முறை கெஞ்சியும் கேலி செய்தும் வராத சொல்.

கீழே, நீர்மாலை வந்து குளிப்பாட்டி முடித்து, கனிமொழியைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். ஆண்கள் வாசலுக்கும் ஹாலுக்கும் நடுவில் நின்றார்கள். அம்மா வள்ளியம்மை தலைமாட்டில் உட்கார்ந்து ஈரக் கூந்தலைப் பிரித்துப் பிரித்து விட்டுக்கொண்டிருந்தாள். வள்ளியம்மை காலையிலிருந்து சத்தம்போட்டு அழவில்லை. அது பெரியப்பாவுக்கே கொஞ்சம் குறையாக இருந்தது.

"ஜ்யோத்ஸ்னா எங்க? அனுப்பி எவ்வளவு நேரமாச்சு?" என்றார் அவர்.

ஜ்யோத்ஸ்னா மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் கடைப் பை. பெரியப்பா அவளை ஒரு பாவாடை தாவணி வாங்கிவரத்தான் அனுப்பியிருந்தார். திருநெல்வேலிப் பக்கம் அவர்கள் குடும்பத்தில் கல்யாணமாகாமல் செத்துப்போன பெண் அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வம். அவளுக்குப் பாவாடை தாவணி சாத்தி அனுப்ப வேண்டும். இன்னொரு ஜோடியைப் பெட்டியில் வைத்து, வருடா வருடம் எடுத்துப் பொங்கலிட்டுக் கும்பிட வேண்டும். டெல்லிக்கு வந்தபிறகு இந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு சாவு இதுவரை விழவில்லை. அதனால் டெல்லியில் அது எங்கே கிடைக்கும் என்று யாரும் யோசித்ததில்லை.

ஜ்யோத்ஸ்னா பையைப் பிரித்தாள். செக்கச் சிவந்த லெஹங்கா. உடல் முழுக்கத் தங்க ஜரிகை, ஓரத்தில் சின்னச் சின்னக் கண்ணாடி. ஹாலின் சாம்பல் வெளிச்சத்தில் அது மட்டும் பளபளத்தது.

"என்னட்டீ இது?"

"அப்பா, தாவணின்னா யாருக்குமே புரியலை. பூரா மார்க்கெட்டும் சுத்தினேன். பாவாடை, மேல போட ஒரு துப்பட்டான்னு சமஜா-சமஜாகே, விளக்கி விளக்கிச் சொன்னேன், இதைத்தான் எடுத்துக் குடுத்தான். ஷாதி, கல்யாணம் எப்போன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"ஆஜ், இன்னைக்குன்னு சொல்லிட்டேன். சீக்கிரம் குடுக்கட்டும்னு."

வாசலில் நின்ற ஒருவர் தொண்டையைச் செருமினார். டீ டம்ளர்களைச் சேகரித்துக்கொண்டிருந்த குப்தா ஆன்ட்டி நிமிர்ந்து பார்த்து, "அரே, யே தோ துல்ஹன் கா ஹை" என்றாள். பக்கத்தில் இருந்தவளிடம், கல்யாணப் பெண் உடுத்துவதை ஏன் இந்தப் பெண்ணுக்குப் போடுகிறார்கள் என்று இந்தியில் மெதுவாகக் கேட்டாள்.

பெரியப்பா ஒரு நொடி தடுமாறினார். ஆனால் நேரம் போய்க்கொண்டிருந்தது. மயானத்தில் மூன்று மணிக்குச் சொல்லியிருந்தார்கள்.

"கலரு என்னவா இருந்தா என்ன. பாவாடை பாவாடைதான். மது, இங்க வா. நீதான் பின்னால பொறந்தவ, நீதான் சாத்தணும். காலுலருந்து நெஞ்சு வரைக்கும் போத்தி விட்டுட்டு, ‘கன்னியா இருந்து வீட்டக் காத்துக்கோ’ன்னு சொல்லு. மூணு தடவ. சத்தமாச் சொல்லு, முணுமுணுக்காத."

துணி அவள் கைக்கு வந்தது. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஜரிகை உள்ளங்கையைக் குத்தியது.

அப்பா சுவரோரம் நின்றிருந்தார். அவளையே பார்த்தார். தலையை மிக மெல்ல, வேண்டாம் என்பதுபோல, ஒருமுறை அசைத்தார். அது மிரட்டல் இல்லை. விடிகாலையில் மாடியில் கையெடுத்துக் கும்பிட்ட அதே முகம்.

மதுமதி பாய்க்கு அருகில் மண்டியிட்டாள். கனிமொழியின் பாதங்கள் மஞ்சள் நீரில் கழுவி வெளுத்திருந்தன. இடது காலில் ஊசி ஏற்றிய இடத்தில் இன்னும் ஒரு துண்டுப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை முதலில் மெதுவாக உரித்து எடுத்தாள். பிறகு துணியை விரித்தாள். பாதங்கள், முழங்கால், இடுப்பு, நெஞ்சு. சுருக்கத்தை நீவிவிட்டாள். துப்பட்டாவை எடுத்து, தலையைச் சுற்றி, முகம் தெரிகிற மாதிரி ஒதுக்கி விட்டாள். அது பாவாடை தாவணி உடுத்துகிற முறை இல்லை.

"சொல்லு" என்றார் பெரியப்பா.

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். வழக்கமாக இந்த இடத்தில்தான் யாராவது அவளுக்குப் பதில் பேசிவிடுவார்கள். பேசக்கூடியவள் பாயில் கிடந்தாள்.

"சொல்லும்மா. கன்னியா இருந்து."

"அவ கன்னி இல்ல பெரியப்பா" என்றாள் மதுமதி. முதல் வார்த்தை உடைந்து வந்தது, மற்றவை நேராக வந்தன. "போன மார்ச்ல அக்காவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. மூணாவது மாடியில இருக்காரே டோனி, அவர்தான் அவ வீட்டுக்காரர். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்."

மோட்டார் ஓடவில்லை, பெட்டி காலியாக இருந்தது. தெருவில் ஓர் ஆட்டோ போயிற்று. பெரியப்பா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா யாரையும் பார்க்கவில்லை.

குப்தா ஆன்ட்டி, "க்யா போலீ?" என்று கேட்டாள்.

மதுமதி அவள் பக்கம் திரும்பி, இந்தியிலும் ஒருமுறை சொன்னாள்.

அம்மா கூந்தலில் இருந்த கையை எடுத்து, வாசலுக்கு அப்பால் மாடிப்படியைப் பார்த்தாள். தரையில் ஊன்றி, தலைமாட்டில் தான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்துகொண்டாள்.